ஏழு கியருக்குப் பத்து கிளிக்

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, பாத்திரம்தான் பேசும் என்பார் என் வீட்டுக்காரர். அந்த வாரம் செல்லூரில் எங்கள் சந்து முழுக்கத் தறிச் சத்தத்தையும் மீறி என் அடுப்படிச் சத்தம் கேட்டிருக்கும். இத்தனைக்கும் காரணம் உள்ளங்கையில் அடங்குகிற ஓர் அட்டைப்பெட்டி. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் அப்பா.

நான் சிம்மக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் டோக்கன் கொடுப்பார்கள்; வரிசையாகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்வேன். அப்படி ஒரு நாள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டால், உள்ளே வந்து உட்கார்ந்தவர் அப்பா. சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, மகள் இங்கேதான் இருக்கிறாள் என்று யாரிடமும் சொல்லாமல், டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே காத்திருந்திருக்கிறார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். வரிசையில் வராத எதையும் என் அப்பா பசுபதி நம்ப மாட்டார்.

என்னப்பா கண்ணுக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். சட்டைக்குள் வைத்திருந்த பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"மாப்ளட்ட குடு தாயி. அவரு வண்டி கியர்ல கறுப்பு டேப் சுத்தியிருந்துச்சுல்ல, அன்னைக்கே பாத்தேன். ஞாயித்துக்கிழம இத மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வரச் சொல்லு."

இவ்வளவுதான் பேசினார். எழுந்து போய்விட்டார். அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்து உட்கார்ந்து, மேலே உள்ள பெரிய எழுத்தையே தப்பாகப் படித்தார். எனக்கு அது காதில் விழவே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் தலை தீபாவளிக்கு நான் முந்தின நாளே அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் கிருஷ்ணபிரசாத் காலையில் செல்லூரிலிருந்து சைக்கிளில் வந்தார். அவருக்குப் பைக் வாங்க வக்கில்லாமல் இல்லை. கட்டட வரைபடம் போடுகிறவர், நன்றாகவே சம்பாதிக்கிறார். சைக்கிள் என்றால் உயிர், அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கும்போது பழசாக வாங்கிய கியர் வண்டியை இன்றுவரை துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார். புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, கைப்பிடியில் பலகாரப் பையோடு அவர் வாசலில் வந்து இறங்கியபோது, எதிர்வீட்டு உக்கிரபாண்டி பல் குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். சிமெண்ட் கடை வைத்திருப்பவர். தெருவில் முதல் கார் வாங்கியவர். அதை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே தினமும் வாசலில் நிறுத்திக் கழுவுகிறவர்.

என்னண்ணே, மாப்ள சைக்கிள்லயா வாராரு என்று அவர் சிரித்தார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். என்ன செய்யுறது, நமக்கு வாய்ச்சது அப்படி என்று சொன்னார். கேட்டைத் திறந்துகொண்டிருந்த இவருக்கு அது நன்றாகவே கேட்டது.

இவர் உள்ளே போனார். உட்கார்ந்து சாப்பிட்டார், அம்மாவிடம் சொல்லிக்கொண்டார், கிளம்பினார். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அப்பாவும் வாங்க என்று கூப்பிடவில்லை. அம்மா இரண்டு பக்கமும் போன் போட்டு ஓய்ந்துபோனாள். நான் மட்டும் போவேன், வருவேன். பிறந்த வீட்டுக்கு ஒற்றை ஆளாகப் போய் வருவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தட்டில் எவ்வளவு வைத்தாலும் இறங்காது.

அப்பா வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர் பஸ் ஏறி வந்து சைக்கிள் கியர் கொடுக்கிறார் என்றால் அது வேறு என்ன? இது கைகூடாமல் போனால் இன்னொரு தடவை இறங்கி வர மாட்டார். இவரும் போக மாட்டார். அப்புறம் ஆயுசுக்கும் இப்படியேதான்.

சாயங்காலம் பெட்டியை நீட்டினேன். இவர் திறந்து பார்த்தார். கறுப்பாக, பளபளவென்று, கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆள்காட்டி விரலுக்கு ஒன்றுமாக இரண்டு நாக்குகள் வைத்த, கைப்பிடியில் மாட்டிக் கியர் மாற்றுகிற ஷிஃப்டர். முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கிப்போனது.

"ராஜி, இது பத்து கியர் வண்டிக்கு உள்ளது. என் வண்டில ஏழுதான். வாய்ச்சது அப்படின்னு அன்னைக்கு வாயால சொன்னாரு, இப்ப உன் வண்டி பழசுன்னு பெட்டில வச்சுக் குடுத்து விட்டிருக்காரு."

அன்று இரவுச் சோற்றுப்பானைக்கு நான் செய்த அநியாயத்தை அந்தப் பானைதான் சொல்ல வேண்டும். மன்னிப்பே கேட்கத் தெரியாத மனிதர் கேட்கிற மன்னிப்பு இது, இதில் போய் ஏழா பத்தா என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அப்பா குத்திக்காட்ட வாங்கவில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குச் சீர் வாங்கப் போனால் அளவு கேட்கிற பழக்கமே கிடையாது. மோதிரமானாலும் கட்டிலானாலும் கடைக்காரரிடம் ஒரே கேள்விதான்: இருப்பதிலேயே உசத்தி எது? கல்யாணத்தில் இவருக்குப் போட்ட மோதிரம் இன்றும் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருக்கிறது. சைக்கிள் கடையிலும் அப்பா அதையேதான் கேட்டிருப்பார். அவனும் உசத்தியை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

மோதிரத்தைச் சொன்னதும் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, மாட்டித்தான் பார்ப்போமே என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மறுநாள் காலை சோதனை ஓட்டம். முதல் கிளிக்கில் செயின் ஏதோ ஏறியது. இரண்டாவதில் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு முனகியது. மூன்றாவதில் கடகடவென்று ஒன்றைத் தாண்டிக் குதித்தது. இவருடைய கால் சும்மா சுற்றிப்போய், வண்டி தறிக்காரர் வீட்டு நூல் மூட்டையில் போய்ச் சாய்ந்தது. நல்லவேளை, மூட்டை மெத்தென்று இருந்தது.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு இவர் தரையில் உட்கார்ந்தபடியே விளக்கினார். பழைய லீவரில் கிளிக் கிடையாது. கட்டைவிரலால் தள்ளத் தள்ளக் கம்பி இழுபடும். செயின் பல்சக்கரத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று காதால் கேட்டு நாமே நிறுத்திக்கொள்ளலாம். புதியது அப்படி இல்லை. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு கம்பிதான் இழுப்பேன் என்று அளவு வைத்திருக்கிறது. அந்த அளவு, நெருக்கமாகப் பத்துப் பல்சக்கரம் உள்ள புது வண்டிக்கும், அதில் செயினைத் தள்ளுகிற கைக்கும் ஏற்றது. இவர் வண்டியில் ஏழும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. செயினைத் தள்ளுகிற கையும் அந்தக் காலத்தது. எனக்கு உடனே புரிந்தது. அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குகிற கதைதான். கண்ணாடியிலும் குற்றமில்லை, கண்ணிலும் குற்றமில்லை.

இவர் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடை ஆலனுடையது. கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கடை. ஆலனுக்கு வாய் நீளம். பெட்டியைப் பார்த்ததுமே, சூப்பர் அயிட்டம், இதை மாட்ட வழி இருக்கிறது என்றான். ஷிஃப்டருக்கு ஏற்ற மாதிரி செயினைத் தள்ளுகிற கையை மாற்ற வேண்டும். கைக்கு ஏற்றபடி பல்சக்கரம். பத்துப் பல்சக்கரம் பழைய பின் சக்கரத்தில் ஏறாது, ஆகவே பின் சக்கரம். அதற்கு மெல்லிசான செயின். மெல்லிய செயினுக்கு முன்பக்கப் பல்லும் மாற்றினால் நல்லது. அவன் சொல்லச் சொல்ல இவர் முகம் வெளிறிக்கொண்டே போனது. அப்புறம் எங்கள் வண்டியில் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் கேட்டேன்.

"பெல் இருக்கும்க்கா. பெல் நல்ல கண்டிஷன்ல இருக்கு."

ஆளை விடு சாமி என்று வெளியே வந்துவிட்டோம். ஏழு கியருக்கு உள்ள ஷிஃப்டராக மாற்றிக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இந்தப் பெட்டியை அப்பா நாலு பக்கமும் போட்டோ எடுத்து உக்கிரபாண்டிக்கு அனுப்பியிருக்கிறாராம். அம்மா போனில் சொன்னாள். மாப்பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுத்ததைப் பார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அந்த ஷிஃப்டரைத்தான் தேடுவார்கள்.

இவர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். எனக்கு அது சரியென்று படவில்லை. சீர் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டு எந்த மாப்பிள்ளையும் மாமனார் வாசலில் போய் நிற்க முடியாது. அதுவும் ஒரு தடவை கோபித்துக்கொண்டு வந்தவர் சொன்னால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. புதியதைக் கைப்பிடியில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டுவது. அதன் கம்பியைப் பேருக்கு வண்டியோடு கொண்டுபோய்ச் சீட்டுக்கடியில் கட்டிவிடுவது. நிஜமாக வேலை செய்கிற பழைய லீவரைக் கைப்பிடிக்கு நடுவில் தள்ளி, செல்போன் வைக்கிற பைக்குப் பின்னால் ஒளித்துவிடுவது. அமுக்கினால் கிளிக் என்று சத்தம் வரும். வேறு என்ன வேண்டும்?

பொய் கியரா என்று இவர் கேட்டார். மரியாதை கியர் என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டேன். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார். உக்கிரபாண்டியையும் காபிக்குக் கூப்பிட்டு வைத்திருந்தார். தூரத்தில் மேம்பாலத்திலிருந்து இவர் இறங்கி வருவது தெரிந்தது. பாலத்து இறக்கத்தில் பறந்து வந்தவர் வாசலில் வந்து நின்றார்.

அப்பா இரண்டு அடி முன்னால் போய், வாங்க மாப்ள என்றார். இவரும், வாரேன் மாமா என்றார். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் பார்வை நேராகக் கைப்பிடிக்குப் போனது. ஷிஃப்டர் வெயிலில் மின்னியது. இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இரண்டு தடவை அமுக்கிக் காட்டினார். கிளிக், கிளிக். அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். பெற்ற பிள்ளை பரிசு வாங்கியது போல உக்கிரபாண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். நான் ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன் மாப்ள என்று சொல்லிவிட்டு, இவர் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளை வாங்கி ஏறி உட்கார்ந்து மிதித்தார். பாலத்தை நோக்கிப் போனார். மனிதர் சைக்கிளைத் தொட்டுப் பல வருஷம் இருக்கும்.

இவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ராஜி, நான் எறக்கத்துல வந்தேன். வண்டி கடைசி கியர்ல கெடக்கு."

கடைசி கியர் என்றால் இறக்கத்தில் பறக்க நல்லது. ஏற்றத்தில் அதை மிதிப்பது அம்மிக்கல்லைக் காலால் சுற்றுகிற மாதிரி. பழைய லீவர் பைக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. அவர் எதை அமுக்குவார்? நான் மாட்டச் சொன்ன மரியாதையைத்தான் அமுக்குவார். பாலத்து ஏற்றத்தில் ஒரு வெள்ளைச் சட்டை ஆடி ஆடி ஏறுவது இங்கிருந்தே தெரிந்தது. நின்றுகொண்டு மிதித்தார். கோணல்மாணலாக வளைந்து போனார். இவர் செருப்பைக்கூட மாட்டாமல் பாதி தெரு ஓடினார்; நான்தான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். இறங்கித் தள்ளிவிடுங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் இறங்கவில்லை. உச்சிக்குப் போய்த் திரும்பினார்.

உக்கிரபாண்டி, பரவாயில்லையே, அண்ணனுக்கு இந்த வயசில் என்ன தெம்பு என்றார். எல்லாம் என் புத்தியால் வந்தது. அவர் வந்து இறங்கி, உக்கிரபாண்டி முன்னால், இது வேலையே செய்யலையே மாப்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த முறை இவர் சாப்பிடக்கூட உட்கார மாட்டார்.

அப்பா வந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கால் இரண்டும் நடுங்கின. கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இவர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். உக்கிரபாண்டி காபி டம்ளரோடு கிட்டே வந்து, என்னண்ணே, உங்க கியர் எப்படி இருக்கு என்று சிரித்தபடி கேட்டார். அதே வாசல், அதே சிரிப்பு.

அப்பா இவருடைய முகத்தைப் பார்த்தார். அப்புறம் உக்கிரபாண்டியிடம் திரும்பினார்.

"பட்டு மாதிரி போகுதுப்பா. எம் மாப்ள அம்புட்டு நேர்த்தியா மாட்டிருக்காரு. செல்லூர்ல இருந்து இந்தப் பாலம் ஏறி மிதிச்சு வாராரே, அது எம்புட்டு பெரிய காரியம்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. கார்ல போற ஒனக்கும் தெரியாது, பஸ்ல போற எனக்கும் தெரியல."

உக்கிரபாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். நானும் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கட்டுமா என்று கைப்பிடியில் கையை வைத்தார். அப்பா அந்தக் கையை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை வண்டியைக் கண்டவர்களும் தொடக்கூடாது என்று சொல்லி, சைக்கிளை அவரே வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே வந்ததும் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். மூச்சு விடாமல் குடித்து முடித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"மாப்ள, அந்தக் கம்பி எதையாச்சும் இழுக்குதா?"

நான் குறுக்கே பாய்ந்து, யோசனை என்னுடையதுதான், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். இவர் தரையில் அவர் காலருகே உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டிருந்த கெண்டைக்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். இது பத்து கியர் வண்டிக்கு உள்ளது மாமா, என் வண்டி பழசு, இரண்டும் சேராது என்று மெதுவாகச் சொன்னார். சேரவில்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதானே, இதற்காகவா இவ்வளவு பாடு என்று அப்பா கேட்டார்.

"நீங்களா எனக்கு வாங்கிக் குடுத்தது மாமா. வேணாம்னு சொல்ல மனசு வரல."

அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு வாசல்ல நான் பேசுனது தப்பு மாப்ள," என்றார். "அதச் சொல்லத்தான் இத வாங்குனேன். இதுவும் தப்பாப் போச்சு."

நான் அழுதேவிட்டேன். அம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். இவர் மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் திருகாணியைத் தளர்த்தி, ஷிஃப்டரைக் கழற்றி அப்பாவின் கையில் வைத்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்ப இது எந்த வண்டிக்குத்தான் சேரும் என்றார். பத்து கியர் உள்ள புது வண்டிக்கு என்றார் இவர். அந்த மாதிரி வண்டியை என் வயசு ஆள் ஓட்டினால் ஊரில் சிரிப்பார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. அப்பா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை நின்று, வாய் திறந்தபடியே இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார், நீங்கள் பாலம் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்வார் என்றார் இவர். அப்பா தலையை ஆட்டினார். வேட்டி நுனியால் ஷிஃப்டரைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

"வண்டி வாங்கப் போறப்ப நீங்களும் வாங்க மாப்ள. உசத்தியானது எதுன்னுதான் எனக்குக் கேக்கத் தெரியும். எனக்கு எது சேரும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

வாரேன் மாமா என்றார் இவர். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் இலை போட்டாள்.